மூன்றாம் எண் டப்பா

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்ட. கையில் பழம் இருந்தால் கடித்துக்கொண்டே கேளுங்கள். கொட்டையை மட்டும் தூக்கி எறிந்துவிடாதீர்கள், கதை முடிகிறவரை கையிலேயே இருக்கட்டும். நாம் திரும்பிக்கூடப் பார்க்காமல் எறிகிற விதையால் ஒரு மனுஷன் ஐந்து நாள் பட்ட பாட்டைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். அந்த ஐந்து நாளும் அவர் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே சமையலறைக்குள் வந்தார். மாமியார் ஒரு டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்து அதன் அடியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, இந்த மிளகு இன்னும் கொஞ்சம் கிடைக்குமா? முதல் தரம். அரைக்கும்போதே நாலு தும்மல் போட்டேன்."

டப்பாவின் மேல் அவரே எழுதி ஒட்டிய சீட்டு இருந்தது: 'பழவிதை, எண் 3. பப்பாளி. யாரும் திறக்கக் கூடாது.'

துண்டு கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

"அத்தை, அது மிளகு இல்ல."

"எனக்கா மிளகு தெரியாது?"

"பப்பாளி விதை அத்தை! ஆபீஸ் டப்பா! மேலேயே எழுதியிருக்கே!"

"கண்ணாடியைப் போட்டுக்கிட்டு யாராவது சமைப்பாங்களா? ஆவி அடிக்கும்."

சாப்பாட்டு மேசையில் மனைவி தட்டை வழித்துக்கொண்டிருந்தாள். "முட்டையில தூவியிருந்துச்சு. நல்லாத்தாங்க இருந்துச்சு. காரமாவே இருந்துச்சு."

"பப்பாளி விதைக்கும் காரம் உண்டு" என்றார் அவர், ஏதோ பரீட்சையில் பதில் சொல்வதைப் போல. பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவர் வேலை பார்த்தது ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில். பால், எண்ணெய், மாவு, மசாலா, எது வந்தாலும் முதலில் அவர் மேசைக்குத்தான் வரும். டப்பாவில் போட்டு, மூடி, எண் ஒட்டி உள்ளே அனுப்புவார். எண் ஒட்டிவிட்டால் அது யார் கடைப் பொருள் என்று உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. கூடத்தில் எல்லாரும் அவரை டப்பாக்காரர் என்றே கூப்பிட்டார்கள். தன் வேலையில் அவர் நெருப்பு. மாமியாரின் சொந்த மகன் கடை எண்ணெய் வந்தபோதும் தயங்காமல் எண் ஒட்டி உள்ளே அனுப்பி, கடைக்குப் பூட்டுப் போட வைத்தவர். அதற்கப்புறம் இரண்டு வருஷம் அந்த அம்மா அவருடன் சுவரைப் பார்த்துத்தான் பேசினார்.

இவ்வளவு நெருப்பாக இருந்தும் வேலை தற்காலிகம். பத்தொன்பது வருஷமாகத் தற்காலிகம். ஒவ்வொரு வருஷமும் 'மேலும் ஓராண்டு' என்று ஒரு தாள் வரும். யாரிடமாவது அவரை அறிமுகப்படுத்தும்போது மாமியார், "மாப்பிள்ளைக்கு வேலை இருக்கு... இப்போதைக்கு" என்பார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அமில ஜாடி உடைந்து, அந்தப் புகை ஏறி, அவருடைய மூக்கு வாசனை பிடிப்பதையே நிறுத்திவிட்டது. பால் தீய்ந்தாலும் தெரியாது, பூ மலர்ந்தாலும் தெரியாது. "மாப்பிள்ளைக்கு மூக்கு எதுக்கு? கண்ணாடி மாட்டிக்க" என்று சொன்னதும் மாமியார்தான்.

இந்த வருஷம் கூடத்தின் இயக்குநருக்கு ஒரு யோசனை வந்தது. வீடுகளில் சாப்பிட்டுவிட்டு எறிகிற பழவிதைகளில் என்ன சத்து இருக்கிறது என்று பார்த்து அறிக்கை எழுத வேண்டும். மாங்கொட்டைப் பருப்பு, பலாக்கொட்டை, பப்பாளி, தர்ப்பூசணி, முலாம்பழம், பரங்கி, ஆக ஆறு விதை. அறிக்கையைப் பெரிய கூட்டத்தில் படிக்கப் போகிறார்.

"இது மட்டும் ஒழுங்கா வந்துடுச்சுன்னா, உன்னை நிரந்தரம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடறேன்யா" என்று அவர் சொன்ன நாளிலிருந்து டப்பாக்காரர் பழம் தின்கிற யாரைப் பார்த்தாலும் கையை நீட்ட ஆரம்பித்தார். பப்பாளி விதையைத் தானே கழுவி, தட்டில் பரப்பி, கூடத்து மொட்டை மாடியில் நாலு நாள் காயவைத்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அள்ளி டப்பாவில் போட்டு எண் ஒட்டினார். சனிக்கிழமை காலை கூடத்து அரவை இயந்திரம் மாங்கொட்டையைக் கடித்துப் பல் உடைந்து படுத்துவிட்டது.

"மூணாம் நம்பரை மட்டும் உன் வீட்டு மிக்ஸியில அரைச்சுத் திங்கட்கிழமை கொண்டா" என்றார் இயக்குநர்.

டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் கிளம்பியபோது, கூடத்தைப் பெருக்கித் துடைக்கிற அக்கா வாசல்வரை ஓடிவந்தாள்.

"சார், அந்த டப்பாவை வீட்டுக்கா கொண்டு போறீங்க? ஒரு விஷயம் சார்..."

"திங்கட்கிழமை சொல்லுங்கக்கா. பஸ் போயிடும்."

பப்பாளி விதை காய்ந்துவிட்டால் அசல் மிளகு மாதிரியே இருக்கும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அதை மிளகில் கலந்து விற்கிறவர்களைப் பிடிப்பதே அந்தக் கூடத்தில் பாதி வேலை. ஒரு பிடி அள்ளித் தண்ணீரில் போடுவார்கள். நல்ல மிளகு முங்கும், பப்பாளி விதை மிதக்கும். ஊர் மிளகிலிருந்தெல்லாம் பப்பாளி விதையைப் பொறுக்கி எடுத்த கூடம் அது. அந்தக் கூடத்து ஆள் வீட்டில், பப்பாளி விதையை மிளகென்று முட்டையில் தூவிச் சாப்பிட்டிருக்கிறார்கள்!

"மீதி எங்க அத்தை?"

"அரைச்சு, உப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் சேர்த்து ஆறு மாசத்துக்கு ஆகிற மாதிரிப் பொடி பண்ணிட்டேன்."

"முழுசா எதுவும் இல்லையா?"

"மாடி வீட்டுக்கு ஒரு டம்ளர் குடுத்தேன். அவங்க போன மாசம் சர்க்கரை குடுத்தாங்களே."

அவர் நனைந்த தலையோடு படி ஏறினார்.

மாடி வீட்டுக்காரர் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். யார்மேலும் புகார் எழுதாத நாள் அவருக்குப் பல் தேய்க்காத நாள் மாதிரி.

"சார், எங்க அத்தை குடுத்த மிளகைக் கொஞ்சம் திருப்பித் தர முடியுமா?"

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கிற பழக்கம் எப்போலேர்ந்து?"

"அது மிளகு இல்ல சார்."

"பின்ன?"

"பப்பாளி விதை."

மாடி வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். "அதாவது, மிளகுன்னு சொல்லி எங்களுக்குப் பப்பாளி விதையைக் குடுத்திருக்கீங்க. நீங்க வேலை பார்க்கிறது கலப்படம் பிடிக்கிற இடத்துல."

"தெரியாம நடந்துபோச்சு சார். அந்த டம்ளரை மட்டும்..."

"அது இனிமே டம்ளர் இல்ல. ஆதாரம்."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாள் எடுக்கிற சத்தம் கேட்டது.

கீழே வந்தவரிடம் மனைவி சொன்னாள்: "இதுக்கு ஏன் இப்படி முழிக்கிறீங்க? பப்பாளி வாங்குங்க, வெட்டுங்க, விதையை எடுத்துக் காயவைங்க. விதையில பேரா எழுதியிருக்கு?"

அவர் மனைவியைப் பார்த்தார். பத்தொன்பது வருஷத்தில் ஒரு டப்பாவைக்கூட மாற்றியதில்லை. 'பேரா எழுதியிருக்கு' என்ற அந்த வார்த்தையைச் சொன்ன எத்தனையோ கடைக்காரர்களை அவர் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கவைத்துப் பார்த்திருக்கிறார். ஆனால் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் காலி டப்பாவை நீட்டினால் என்ன ஆகும் என்பதையும் யோசித்துப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டார்.

பழக்கடைக்காரர் அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "பப்பாளியா சார்? உங்களுக்குன்னா பொறுக்கித்தான் தருவேன்."

மூன்று பழம் வாங்கிவந்து வெட்டினார். உள்ளே வழவழவென்று, கழுவித் துடைத்த பாத்திரம் மாதிரி. ஒரு விதை இல்லை. திரும்ப ஓடினார்.

"ஏங்க, இதுல விதையே இல்லையே!"

"அதான் சார் சொன்னேனே, பொறுக்கித் தந்தேன்னு. விதையில்லாத ரகம். எல்லாரும் இதைத்தான் கேட்டு வாங்கறாங்க."

"எனக்கு விதை வேணும். நிறைய விதை இருக்கிற பழம்."

பழக்கடைக்காரர் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்தார். இரண்டு பேரும் சேர்ந்து டப்பாக்காரரைப் பார்த்தார்கள். யாருக்கும் தள்ள முடியாமல் மூலையில் கிடந்த நாட்டுப் பழம் பதினாலும் அவர் தலையில் வந்து சேர்ந்தது.

பதினாலு பழத்தையும் வெட்டியதில் இரண்டு காய். அவற்றின் விதை பால் பல் மாதிரி வெளுப்பாக இருந்தது. மீதிப் பன்னிரண்டிலும் விதை கொட்டியது. ஆனால் ஒவ்வொரு விதையும் ஒரு வழுவழு உறைக்குள் உட்கார்ந்திருந்தது, நசுக்கினால் விரலுக்கிடையில் பிதுங்கிக் கூரைக்குப் பறந்தது. சல்லடையில் போட்டுத் தேய்த்துத் தேய்த்து உறையை நீக்க மதியம் ஆகிவிட்டது.

"உலகத்துல பழத்தை ஒதுக்கிட்டு விதையை எடுத்துவைக்கிற ஒரே ஆள் நீங்கதான்" என்றாள் மனைவி.

"எதையும் வீணாக்கக் கூடாது" என்றார் மாமியார். அன்று அந்த வீட்டில் காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் பப்பாளி, மதியம் பப்பாளி, மதியத்துக்கும் மாலைக்கும் நடுவில் பப்பாளி. நாலாவது தட்டில் மனைவி அழுதேவிட்டாள்.

விதையை மாடிப்படி ஓரத்தில் வெயிலில் பரப்பினார். பரப்பிய ஐந்தாவது நிமிஷம் வானம் மூடிக்கொண்டது.

மனைவி தலைமுடி உலர்த்துகிற மெஷினை எடுத்துவந்தாள். அதைப் போட்டதும் விதை எல்லாம் எழுந்து வீடு முழுக்கப் பறந்தது. ஒன்று காலண்டரில் ஒட்டிக்கொண்டது. ஒன்று மாமியாரின் கொண்டைக்குள் போய்க் காணாமலே போனது. மூன்று பேரும் மண்டி போட்டுக் கட்டிலுக்கடியில், பீரோவுக்கடியில் பொறுக்கினார்கள்.

"தள்ளுங்க, நான் காயவைக்கிறேன்" என்று மாமியார் வாணலியை அடுப்பில் வைத்துப் பாதி விதையைப் போட்டார். டப்பாக்காரர் கிளறினார். அவருக்குத்தான் மூக்கு கிடையாதே. மாடியிலிருந்து குரல் வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

"கீழ என்னத்தை எரிக்கிறீங்க? ஆதாரத்தையா?"

தீய்ந்ததைக் கொட்டிவிட்டு மிச்சத்தைப் பார்த்தார். அதுவும் ஈரம். கடைசியில் தன்னுடைய ஒரே வெள்ளைச் சட்டையை விரித்து, அதன் மேல் விதையைப் பரப்பி, இன்னொரு மடிப்பால் மூடி, இஸ்திரிப் பெட்டியை மெதுவாக ஓட்டினார். காய்ந்தது! சட்டை முழுக்கக் கறுப்புப் புள்ளி. விளக்கு வைக்கிற நேரத்துக்குள் இருநூறு கிராம் தேறியது. மிக்ஸியில் அரைத்து, மூன்றாம் எண் டப்பாவில் கொட்டி, மூடினார். மூடும்போது அந்த எண்ணை அவரால் நேராகப் பார்க்க முடியவில்லை.

திங்கட்கிழமை டப்பா உள்ளே போனது. பெருக்குகிற அக்கா இரண்டு தடவை அவர் மேசைப் பக்கம் வந்தாள். "சார், அன்னைக்கு ஒண்ணு சொல்லணும்னு..." என்று ஆரம்பித்தாள். அவர் "என்னை ஒண்ணும் கேக்காதீங்கக்கா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளும் திரும்பிப் போனாள்.

புதன்கிழமை முடிவு வந்தது. கால் பங்குக்கு மேல் புரதம். கொழுப்பும் கிட்டத்தட்ட அதே அளவு. நார்ச்சத்து அதற்குக் கொஞ்சம்தான் குறைவு. பரிசோதித்த அம்மாவே எழுந்துவந்து, "உங்க மூணாம் நம்பர் அபாரம்! இதைப் போயா எல்லாரும் குப்பையில போடறோம்!" என்றார். அவர் ஒரு புன்னகை செய்ய முயன்றார். அது முகத்தில் ஏறாமல் பாதியில் நின்றது.

சாயங்காலம் இயக்குநர் எல்லாரையும் கூப்பிட்டு நிற்கவைத்துப் பேசினார். "இந்தக் கூடத்துல டப்பா மேல எண் இருந்தா, உள்ள இருக்கிறது சத்தியம். அதுக்குக் காரணம் இந்த மனுஷன். நாளைக்கே இவரை நிரந்தரமாக்கிக் கையெழுத்துப் போடறேன்."

எல்லாரும் கை தட்டினார்கள். ஒவ்வொரு தட்டும் கன்னத்தில் விழுந்தது அவருக்கு. இனி எந்தக் கடைக்காரன் முகத்தில் விழித்து எண் ஒட்டுவது? மைத்துனன் கடைப் பூட்டு நினைவுக்கு வந்தது. பத்தொன்பது வருஷமாக எதற்குக் காத்திருந்தாரோ அது நாளைக்குக் கிடைக்கப் போகிறது, அதை வாங்கிக்கொள்ளும் யோக்கியதை ஞாயிற்றுக்கிழமையோடு போய்விட்டது. வீட்டுக்கு வந்து, மனைவி வைத்த தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். தட்டில் இருந்ததும் பப்பாளிதான், அது வேறு விஷயம்.

வியாழக்கிழமை காலை மேசைக்கு முதல் ஆளாக வந்து நின்றவர் மாடி வீட்டுக்காரர். கையில் பொட்டலம். அதன்மேல் நாலு பக்கப் புகார்.

"மிளகுன்னு சொல்லிப் பப்பாளி விதை குடுத்த வழக்கு. எண் ஒட்டுங்க."

டப்பாக்காரர் பேனாவை எடுத்தார். பழக்கதோஷத்தில் கேட்டார்: "யார் மேல புகார்?"

"உங்க மேலதான். தெளிவா எழுதுங்க, எனக்கு ஒரு நகல் வேணும்."

தன்மேல் வந்த புகாரைத் தன் கையாலேயே எழுதி, நகலும் கொடுத்து அனுப்பினார். பொட்டலம் மேசையில் இருந்தது. அதை அலமாரியின் பின்னால் தள்ளிவிட்டால் யாருக்கும் தெரியாது. பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அதைக் கையில் எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்கு நடந்தார், ஏதோ தன்னையே பொட்டலம் கட்டி எடுத்துப் போகிறவர் மாதிரி.

இயக்குநர் மேசையில் தாள் தயாராக இருந்தது. 'நிரந்தரம்' என்ற சொல் தலைகீழாகவே அவர் கண்ணில் பட்டது. மூலையில் பெருக்குகிற அக்கா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாய்யா! இப்போதான் பேனாவைத் திறந்தேன்."

"மூடிடுங்க ஐயா."

"என்னது?"

"மூணாம் நம்பர் டப்பாவுல இருந்தது நான் எண் ஒட்டின விதை இல்ல. அதை எங்க வீட்டுல மிளகுன்னு நெனச்சுத் தின்னுட்டாங்க. நான் கடையில பப்பாளி வாங்கி, வெட்டி, சட்டையில வெச்சு இஸ்திரி போட்டுக் காயவெச்ச விதைதான் நீங்க சோதிச்சது. நெஜ விதையில மிச்சம் இருக்கிறது இந்தப் பொட்டலம்தான்."

இயக்குநர் பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு பிடி அள்ளி, குடிக்க வைத்திருந்த கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டார். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

எல்லாம் நேராக அடிக்குப் போய் உட்கார்ந்தது. ஒன்றுகூட மிதக்கவில்லை.

இயக்குநர் இன்னொரு பிடி போட்டார். அதுவும் முங்கியது. மூக்கருகே கொண்டுபோனார், பலமாக ஒரு தும்மல் போட்டார்.

"யோவ், இது சுத்தமான மிளகு! பப்பாளின்னு பேருக்குக்கூட ஒண்ணு இல்ல. என்னய்யா கதை விடறே?"

"இல்ல ஐயா, நானேதான் காயவெச்சு, நானேதான் அள்ளி..."

"நீ காயவெச்ச விதை எப்படி மிளகாகும்? நீ சொல்றதுல எதைத்தான்யா நம்பறது?"

"எனக்கே தெரியல ஐயா" என்றார் அவர். அந்தக் குரலில் அதற்குமேல் விழுவதற்கு இடம் இல்லை.

இயக்குநர் பேனாவை மூடிவைத்தார். தாளின் இரண்டு ஓரத்தையும் பிடித்துத் தூக்கினார்.

அப்போது மூலையில் துடைப்புக் கட்டை வாளிக்குள் விழுந்து தண்ணீர் சிதறியது.

"சாரை ஒண்ணும் பண்ணிடாதீங்க ஐயா! மொட்டை மாடியில காயப்போட்டிருந்த விதையைக் குப்பைன்னு வெள்ளிக்கிழமை நான்தான் பெருக்கித் தள்ளிட்டேன். பயந்துபோய்க் கடையில மிளகு வாங்கித் தட்டுல பரப்பி வெச்சுட்டேன். அந்த டப்பாவுக்குள்ள பப்பாளி விதைன்னு ஒண்ணு போனதே சார் வீட்டுலேர்ந்து திரும்பி வந்தப்போதான்!"

போய் வாருங்கள், கண்ணுகளா. கையில் இருக்கிற கொட்டையை என்ன செய்வது என்பது இனி உங்கள் இஷ்டம். அன்றைக்கு அந்தத் தாளில் விழுந்த கையெழுத்தைப் போல, உங்கள் வீட்டில் யாருக்கு எந்தக் கையெழுத்து பாக்கியோ அது சீக்கிரம் விழட்டும். உங்கள் சமையலறை டப்பாக்களில் மேலே என்ன எழுதியிருக்கிறதோ, உள்ளேயும் அதுவே என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும்.